மக்கர் செய்யும் புல் வெட்டும் மிஷின்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

வீட்டு முன்னால் இரண்டு சென்ட் புல்தரை இருந்தால் போதும், கார் நிற்கும் இடத்தின் மூலையில் ஒரு புல் வெட்டும் மிஷின் வந்து உட்கார்ந்துவிடும். கோடையில் ஒழுங்காகத்தான் ஓடும். மழை ஓய்ந்து புல் கணுக்கால் தாண்டி வளர்ந்து நிற்கிற நாளில்தான், எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் உறுமிவிட்டு அடங்கிவிடும். இதற்கென்று தனி மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பல வேளைகளில் தேவையும் இல்லை. பெட்ரோல் மிஷினுக்குள் இருப்பது ஒற்றை சிலிண்டர் இன்ஜின். ஸ்கூட்டர் இன்ஜினைவிட எளிமையானது, கியர்கூடக் கிடையாது. வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இன்ஜினுக்கு வெளியே இருப்பவை: பழைய பெட்ரோல், அடைத்த ஃபில்டர், மழுங்கிய பிளேடு, மெல்லிய ஒயர். ஆகவே கீழே சொல்வதெல்லாம் செலவு குறைந்ததில் தொடங்கி, கை வைக்கச் சிரமமானதை நோக்கிப் போகிறது.

தொடுவதற்கு முன்

1. மிஷினைக் கவிழ்ப்பதற்கு முன்பு ஸ்பார்க் பிளக்கின் தலையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டோமே என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான வீட்டு மிஷின்களில் பிளேடு நேரடியாக இன்ஜின் ஷாஃப்ட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜினும் திரும்பும். சூடாக இருக்கிற இன்ஜின் ஒரு துடிப்புத் துடித்தால் விரல் இருக்காது. கரன்ட் மிஷின் என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

2. பெட்ரோல் மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால், கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். “அடியைக் கழுவிவிட்டு நிமிர்த்தினேன், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகவில்லை” என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சாய்ப்பது இன்னும் நல்லது.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

3. முதலில் அவமானப்படாமல் பார்க்க வேண்டியவை: பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா, குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் இழுத்திருக்கிறதா, கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் லீவர் முழுதாக அழுந்தியிருக்கிறதா. அந்த லீவர் அலங்காரத்துக்கு இல்லை. கையை விட்டதும் பிளேடு நிற்பதற்கான ஏற்பாடு அது; மூன்று விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் சட்டமே இருக்கிறது. பல மாடல்களில் லீவரை விட்டால் பிளக்குக்குப் போகும் மின்பொறியும் நின்றுவிடும். லீவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிள் தொய்ந்திருந்தால், நீங்கள் அழுத்தினாலும் இன்ஜினுக்கு அது தெரியாது. கேபிளின் நுனியில் இருக்கும் நட்டைச் சற்று முடுக்கினால் சரியாகிவிடும். லீவரைக் கயிறு போட்டுக் கைப்பிடியோடு கட்டி வைக்கும் வழக்கம் தோட்ட வேலை செய்பவர்கள் சிலரிடம் உண்டு. உங்கள் மிஷினில் அப்படிப் பார்த்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

4. டேங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போது ஊற்றியது? ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், வேறு எதையும் தொடாமல் அதை மாற்றிப் பாருங்கள்.

இது நம் ஊரில் இப்போது முன்னைவிட முக்கியமான விஷயம். பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இன்று 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. புல் வெட்டும் மிஷின்களுக்கு இன்ஜின் செய்யும் நிறுவனங்கள் பலவும், 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ள பெட்ரோல் வேண்டாம் என்றே கையேட்டில் எழுதியிருக்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதானே கிளம்புகிறது! தினமும் ஓடுகிற பைக்குக்கு இது பெரிய தொல்லை இல்லை. டேங்கில் தேங்க நேரமில்லாமல் எரிந்துவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை ஓடுகிற மிஷினுக்குத்தான் வினை.

கண்டுபிடிக்க ஒரு வழி: டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் வேறு நிறத்தில் ஒரு படலம் தனியாக நின்றால் அது தண்ணீர்க் கலப்பு. வார்னிஷ் மாதிரி புளித்த வாடை வந்தாலும் பெட்ரோல் கெட்டுவிட்டது என்றே அர்த்தம். கெட்டதைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாதீர்கள். பக்கத்து டூவீலர் பட்டறையில் கொடுத்தால், பாகம் கழுவப் பயன்படுமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இனிமேல் ஒரு வேளைக்கு வேண்டிய அரை லிட்டரை மட்டும் வாங்கி ஊற்றுங்கள். கேனில் ஐந்து லிட்டர் வாங்கிச் சேர்த்து வைப்பது சிக்கனம் இல்லை, ஆபத்தும்கூட.

5. புதுப் பெட்ரோல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருக்கிறது. பயப்படாமல் செய்யக்கூடிய வேலைதான். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம்.

பெட்ரோல் குழாயை மூடுங்கள். கார்புரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு பாகம், பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். கீழே ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டு அந்த போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். அதில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி, செம்மண் நிறத்தில் துரு, தண்ணீர்த் துளி என்று ஏதாவது ஒன்று இருக்கும். துணியால் துடைத்து, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். கிண்ணத்துக்கு மேலே நடுவில் தெரியும் பித்தளைத் துண்டுதான் ஜெட். சில மாடல்களில் அந்த போல்ட்டிலேயே மெல்லிய துளை இருக்கும், அதுவே ஜெட்டாக வேலை செய்யும். துளை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் நூலை விட்டு எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். பித்தளை மெதுவானது; துளை ஒரு துளி பெரிதானால் அதன் பிறகு அந்த மிஷின் கருப்புப் புகை கக்கிக்கொண்டேதான் இருக்கும்.

கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையம் பிதுங்காமல் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் கசிந்தால் அதுதான் காரணம்.

6. பத்து நிமிடம் நன்றாக ஓடி, தானாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு நுண் துளை உண்டு. அது அடைத்திருக்கலாம். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், மூடியைக் கழுவினால் போதும்.

7. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் இன்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் காற்று போதவில்லை, ஃபில்டரைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக் போட்டு அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். பிசுபிசுவென்று ஆயில் இருந்தால் ஆயில் அளவு கூடியிருக்கலாம், மிஷினைத் தப்பாகச் சாய்த்திருக்கலாம், இரண்டும் இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

இடைவெளி பெரும்பாலான மாடல்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அளக்கும் தகடு டூவீலர் பட்டறையில் இருக்கும். பிளக்கைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதைவிடப் புதிதே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. விலை அவ்வளவு இல்லை, சந்தேகமும் தீர்ந்துவிடும். பழையதை எடுத்துப்போய் அதே எண் கேட்டு வாங்குங்கள். நீளம் கூடுதலான பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் முட்டும். மாட்டும்போது முதலில் கையாலேயே கடைசி வரை திருகி, வாஷர் தொட்ட பிறகு ஸ்பேனரால் புது பிளக்கென்றால் அரைச் சுற்று, பழையதென்றால் கால் சுற்றுக்குள். அலுமினியத் தலையில் மரை போய்விட்டால் லேத் பட்டறைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

8. பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது, இன்ஜின் துடிக்கவே இல்லை என்றால் உள்ளே பெட்ரோல் நிரம்பிவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக் இல்லாமலே கயிற்றை ஐந்தாறு முறை இழுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு பிளக்கை மாட்டிப் பாருங்கள். பிளக் இல்லாத துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் சரியில்லை

9. ஏர் ஃபில்டரில் இரண்டு வகை. பஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் உலர்த்தி, கையேடு சொன்னால் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது; தரையில் மெல்லத் தட்டுங்கள், அதற்கும் அசையவில்லையென்றால் மாற்றுங்கள். பங்க்சர் கடைக் காற்றை அடித்தால் காகிதம் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகத் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். செம்மண் பூமிக்காரர்கள் வெட்டுகிற ஒவ்வொரு முறையும் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது மிகை இல்லை.

10. இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊளையிடுகிறதா? பெட்ரோல் போதாமல் திணறுகிறது. ஐந்தாம் குறிப்புக்குத் திரும்புங்கள்.

11. புகையின் நிறம் பேசும். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். நீலமும் வெள்ளையும் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. சாய்த்துக் கழுவிய பிறகு அப்படி வந்தால் ஐந்து நிமிடத்தில் தானே அடங்கும். அடங்காமல் தினமும் வந்தால், ஆயில் அளவும் சரியாக இருந்தால், அது மெக்கானிக் வேலை.

12. ஆயில் விஷயத்தில் குறைவு எவ்வளவு கெடுதலோ, கூடுதலும் அவ்வளவு கெடுதல். வீட்டு மிஷினுக்குப் பிடிப்பது அரை லிட்டர், கொஞ்சம் முன்பின். அளவுக்கம்பியைச் சில நிறுவனங்கள் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்கச் சொல்கின்றன. சில, முழுதாகத் திருகி எடுத்துப் பார்க்கச் சொல்கின்றன. கையேட்டில் எது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். நம் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30 தர ஆயில் பொருத்தம், 10டபிள்யூ-30 கிடைத்தாலும் குறையில்லை. புது மிஷினில் முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மாற்றிவிட வேண்டும். உள்ளே தேய்ந்த உலோகப் பொடி எல்லாம் அதில்தான் வரும். விற்கும் கடையில் இதைச் சொல்வதேயில்லை. அதற்குப் பிறகு ஐம்பது மணி நேரத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தரம்.

13. கயிறு இழுக்க வரவில்லையா? முதல் சந்தேகம் பிளேடின் மேல். பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டு அடியில் பாருங்கள், ஈரப் புல் இறுகி பிளேடைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேடு தாராளமாகச் சுற்றியும் கயிறு மட்டும் வரவில்லையென்றால், கயிறு சுற்றும் உருளையில் சிக்கல். அறுந்த கயிற்றை மாற்றுவது வீட்டில் முடியும். ஆனால் உருளைக்குள் சுருட்டி வைத்திருக்கும் ஸ்பிரிங்கை வெளியே எடுக்காதீர்கள். விட்டால் கத்தியாகப் பாயும்.

14. கல்லிலோ மரவேரிலோ தண்ணீர்க் குழாயிலோ மோதி “டங்” என்று நின்றதா? அதன் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனாலும் கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கிறது என்றால் பெரும்பாலும் ஃப்ளைவீல் சாவி ஒடிந்திருக்கிறது. ஃப்ளைவீலையும் ஷாஃப்டையும் பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டு அது. மோதலில் அது நசுங்கினால் ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்து, பொறி வரவேண்டிய நேரம் தவறிவிடும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலன் இருக்காது. உதிரி பாகம் மலிவு. ஃப்ளைவீலைக் கழற்ற மட்டும் புல்லர் வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஸ்டார்ட் ஆகி, மிஷின் முழுவதும் உதறினால் பிளேடைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட் நுனியைப் பாருங்கள். கயிற்றை மெல்ல இழுக்கும்போது நடுவிலிருக்கும் போல்ட் துளை ஒரே இடத்தில் நின்று சுற்ற வேண்டும். வட்டமடித்தால் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரன்ட் மிஷின்

சின்னப் புல்தரைக்கு இதுவே போதும் என்று சொல்வேன். பெட்ரோல் இல்லை, கார்புரேட்டர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பதும் குறைவு. இதன் தொல்லை எல்லாம் ஒயரில்.

15. 1500 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும்; ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. மொபைல் சார்ஜர் செருகும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஹீட்டர், ஏ.சி. செருகுகிற 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும்.

16. மிஷின் சோர்ந்து சோர்ந்து ஓடி, தொட்டால் சுடுகிறது என்றால் எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் சுட்டால் ஒயர் மெல்லியது. செம்புக் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முப்பது மீட்டருக்கு மேல் நீளம் என்றால் 2.5 நல்லது. சுருளாக இருக்கும் ஒயரை முழுவதும் அவிழ்த்து விட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருளுக்குள் சூடு போக வழியில்லாமல் உறை உருகிவிடும். கல்யாணப் பந்தலுக்குச் சீரியல் லைட் போடுகிற ஒயரைக் கொண்டுவந்து மாட்டுவதை நிறுத்தினாலே பாதி மோட்டார்கள் பிழைக்கும்.

17. ஒயரை வெட்டிக்கொள்ளாமல் இருக்க: சாக்கெட் இருக்கும் சுவர்ப் பக்கத்தில் தொடங்கி, வெட்டி முடித்த பகுதியில் ஒயர் கிடக்கும்படி வெளிநோக்கிப் போங்கள். ஒயரைத் தோளில் போட்டுக்கொள்வது பழைய தோட்டக்காரர் வழக்கம், நல்ல வழக்கம். வெட்டுப்பட்ட ஒயரை டேப் சுற்றிப் புல்லில் போடாதீர்கள்.

18. ஓட்டியதும் வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? எங்கோ கரன்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. ஈரப் புல், நனைந்த ஸ்விட்ச், உறை கிழிந்த ஒயர் என்று தேடுங்கள். “அது சும்மா சும்மா விழுது சார்” என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி இணைப்புக் கொடுத்தால், எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள்.

19. மோட்டார் “ம்ம்ம்” என்று முனகுகிறது, பிளேடு சுற்றவில்லை. உடனே அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, புல் அடைத்திருக்கிறதா பாருங்கள். பிளேடு தாராளமாகத் திரும்பினால் கெப்பாசிட்டர் போயிருக்கும். கடையில் கன்டென்சர் என்று கேட்பார்கள். சீலிங் ஃபேன் இப்படி மக்கர் செய்யும்போது குச்சியால் தள்ளிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணும் வோல்ட்டும் அப்படியே பொருந்த வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் வைண்டிங் கடையில் கொடுத்துவிடலாம்.

20. விட்டுவிட்டு ஓடுகிறது, காற்றுத் துளை வழியே பொறி அதிகமாகத் தெரிகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் மாற்றுவார். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

21. ஓடிக்கொண்டிருந்தபோது தானாக நின்றுவிட்டால், அதிகச் சூட்டுக்கு உள்ளே இருக்கும் காப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மறுபடி மறுபடி விழுந்தால், ஒரே தடவையில் உயரமான புல்லை அடியோடு வெட்டப் பார்க்கிறீர்கள்.

பிளேடும் வெட்டும்

22. வெட்டி இரண்டு நாளில் புல்தரை முழுவதும் நுனி வெளுத்துப் பழுப்பாகத் தெரிகிறதா? தண்ணீர் போதவில்லை, யூரியா போடலாம் என்று ஓடாதீர்கள். குனிந்து ஒரு புல்லின் நுனியைப் பாருங்கள். நேராக வெட்டுப்பட்டிருந்தால் பிளேடு நலம். நார் நாராகப் பிய்ந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. அது வெட்டவில்லை, அடித்துப் பிய்க்கிறது. என்னைக் கேட்டால் வீடுகளில் இன்ஜினைவிடப் புறக்கணிக்கப்படும் பாகம் பிளேடுதான். இன்ஜின் நின்றால் கவனிக்கிறோம். பிளேடு எவ்வளவு மழுங்கினாலும் மிஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கழற்றுவதற்கு முன் மேல் பக்கம் எது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பிளேடுக்கும் மிஷினின் உள் விளிம்புக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் பிளேடு திரும்பாது. போல்ட் பெரும்பாலும் இடப்பக்கம் திருப்பினால் கழலும். வாஷர் எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூர் தீட்டுவது அரத்தாலேயே முடியும். ஏற்கெனவே இருக்கும் சரிவை, சுமார் 30 பாகைக் கோணத்தை, அப்படியே பின்பற்றி மேல் பக்கத்தில் மட்டும் அராவ வேண்டும். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் அரிவாள்மணைக்குச் செய்கிற மாதிரி மெல்லிய கூராக்கித் தந்துவிடுவார். அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெல்லிய விளிம்பு முதல் கூழாங்கல்லிலேயே பல் பல்லாகப் போய்விடும். விரல் வைத்தால் அறுக்காத அளவு கூர்தான் இதற்குச் சரி. சாணைக் கல்லில் பிடிக்கும்போது இரும்பு நீலமாக மாறினால் சூடு ஏறி உறுதி போய்விட்டது என்று பொருள். இடையிடையே தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.

23. கூர் தீட்டிய பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டிப் பாருங்கள். படுக்கையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். இதை மெனக்கெட்டுச் செய்ய வேண்டுமா என்று தோன்றலாம். 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சில கிராம் வித்தியாசம்கூட அந்த வேகத்தில் மிஷினையே உதறவைக்கும், நாளடைவில் பேரிங்கைத் தின்றுவிடும். வெட்டும்போது குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிடச் சொல்வதும் இந்த வேகத்தால்தான். கிளம்புகிற கல்லும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான் போகும்.

24. கூர் தீட்டியும் வெட்டவே இல்லையா? பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். பின்விளிம்பில் மேல்நோக்கி மடிந்த இறக்கை மிஷினின் உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும். புல்லை நிமிர்த்தி நிறுத்துவது அந்த இறக்கை கிளப்பும் காற்றுதான்.

25. வெட்டியதில் படிக்கட்டு மாதிரி ஏற்ற இறக்கம் தெரிந்தால் நான்கு சக்கரமும் ஒரே உயர எண்ணில் இருக்கிறதா பாருங்கள். நடுநடுவே மண் தெரியும்படி வழித்துவிட்டால் குறை தரையில். கொரியன் புல் திட்டுத் திட்டாக மேடு கட்டும் சுபாவம் உள்ளது, அந்த மேட்டை மிஷின் மழித்துவிடும். அதற்கு உயரத்தைக் கூட்டி வையுங்கள். பெர்முடா என்று நர்சரியில் விற்பது நம் அருகம்புல்லின் இனம்தான். அது தாழ வெட்டினாலும் தாங்கும்.

26. ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். நான்கு செ.மீ. உயரம் வேண்டுமென்றால் ஆறு செ.மீ. வளர்ந்ததும் வெட்ட வேண்டும். மழைக்குப் பின் காடாக வளர்ந்துவிட்டால் முதல் நாள் உயரமாக, மூன்று நாள் கழித்துத் தாழ்வாக.

27. வெட்டிய புல் கொத்துக் கொத்தாக விழுகிறது, பை நிரம்புவதில்லை என்றால் அடிப்பக்கம் புல் அப்பியிருக்கிறது. மரக்கரண்டியோ பழைய பிளாஸ்டிக் ஸ்கேலோ வைத்துச் சுரண்டுங்கள். காலைப் பனியில் வெட்டாமல் பத்து மணிக்கு மேல் வெட்டினாலே இது பாதி குறையும். கரன்ட் மிஷினில் தண்ணீர் பீய்ச்சவே வேண்டாம்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்

28. டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கண் அளவு வேண்டாம். மருந்து பாட்டில் மூடி போதும். ஆயில் மறந்த பெட்ரோலில் சில நிமிடம் ஓடினாலே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நாளாக நாளாக வலு குறைந்தால் சைலன்சர் வாயிலிருக்கும் சின்னக் கம்பி வலையைக் கழற்றிப் பாருங்கள், கரி அடைத்திருக்கும். நைலான் நரம்பு பொட்டுப் பொட்டென்று அறுகிறதா? வெயிலில் கிடந்து காய்ந்துவிட்டது. ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் நைலான் ஈரம் குடித்துத் துவளும்.

கையால் தள்ளும் மிஷின்

29. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கியது இந்த உருளை வகைக்குத்தான். கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. கத்தரிக்கோல் முறையில் வெட்டுவதால் புல்லுக்கு இதைவிட நல்ல வெட்டு கிடையாது. வெட்டவில்லை என்றால் கூரைப் பார்ப்பதற்கு முன் இடைவெளியைப் பாருங்கள்: உருளைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்து உருளையை மெல்லத் திருப்பினால், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். வெட்டுப்படாத பக்கத்துத் திருகைக் கால் சுற்று முடுக்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைக் கத்திகளில் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும்.

மூலையில் வைப்பதற்கு முன்

30. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும். பிளக்கைக் கழற்றித் துளைக்குள் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். பிளேடிலும் அடியிலும் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவினால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் துரு ஏறாது.

31. நீண்ட நாள் கழித்து வெளியே எடுக்கும்போது கயிறு சுற்றும் மூடியைக் கழற்றி, அதன் கீழே இன்ஜினின் தகட்டு மடிப்புகளைப் பாருங்கள். எலியும் அணிலும் தேங்காய் நார், பஞ்சு என்று கொண்டுவந்து அங்கே கூடு கட்டும். பார்க்காமல் ஓட்டினால் குளிர்காற்று போகாமல் இன்ஜின் கொதிக்கும், நார் தீப்பிடிக்கவும் செய்யும். பிளக்குக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.